அப்பாவுக்குக் கரண்ட் வைக்கப் போகிறார்கள், குடல் தாங்குமா?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர்.

கேள்வி: என் அப்பாவுக்கு 69 வயது. பாத்திரக் கடை வைத்திருக்கிறார். புராஸ்டேட்டில் புற்றுநோய், எலும்புக்குப் பரவவில்லை என்று சொல்லி ஹார்மோன் ஊசி போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் 20 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டுமாம். எங்கள் தெருவில் ஒருவருக்கு இதே சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து மோஷனில் ரத்தம் போனது. அதைக் கேட்டதிலிருந்து அப்பா "எனக்கு வேண்டாம்" என்கிறார். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்பே சொல்லிவிட முடியாதா டாக்டர்?
*மகள், கும்பகோணம்*

ஓரளவுக்குச் சொல்ல முடியும் அம்மா. நூறு பேருக்கு வைத்தால் எத்தனை பேருக்குத் தொல்லை வரும் என்பதை நன்றாகவே சொல்லிவிடலாம். அந்த நூறு பேரில் உங்கள் அப்பா எந்தப் பக்கம் நிற்பார் என்பதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு வாய்ப்பு அதிகமா, குறைவா என்பதை முதல் நாள் மேஜையில் படுப்பதற்கு முன்பே அவருடைய பிளானை, அதாவது கதிர் எங்கே எவ்வளவு படும் என்று கம்ப்யூட்டரில் போடும் திட்டத்தை, பார்த்துச் சொல்லலாம். அதைக் காட்டி விளக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். என் 31 வருடத்தில் அப்படிக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

முதலில் ஏன் குடல் பாதிக்கப்படுகிறது என்று பார்ப்போம். புராஸ்டேட் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். சிறுநீர்ப்பைக்கு அடியில், மலக்குடலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உங்கள் அப்பாவை முதன்முதலில் பார்த்த டாக்டர் ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சோதித்திருப்பார். அந்த விரலுக்கும் புராஸ்டேட்டுக்கும் நடுவில் இருந்தது மலக்குடலின் முன்சுவர் மட்டும்தான். அவ்வளவு நெருக்கம். கதிர்கள் புராஸ்டேட்டை முழுசாக அடிக்க வேண்டுமென்றால் அந்தச் சுவரின் ஒரு பகுதி மேலும் படாமல் இருக்காது.

சிகிச்சை நடக்கும்போதே, இரண்டாவது மூன்றாவது வாரத்தில், அடிக்கடி வெளிக்குப் போவது, சீதம் வருவது, ஆசனவாயில் எரிச்சல் என்று சிலருக்கு வரும். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் தெருக்காரருக்கு வந்தது வேறு வகை. அது ஆறு மாதம், ஒரு வருடம், சில சமயம் இரண்டு மூன்று வருடம் கழித்து எட்டிப் பார்க்கும். கதிர் பட்ட இடத்தில் சின்ன ரத்தக் குழாய்கள் மெல்ல அடைபடும். அந்தக் குறையை ஈடுகட்டப் புதிதாகக் குழாய்கள் முளைக்கும். ஆனால் அவை மெலிந்த, பலமில்லாத குழாய்கள். மலம் உரசினாலே கசியும். சிலருக்கு மலக்குடல் கொஞ்சம் விறைத்துப்போய், பழைய மாதிரி விரிந்து கொடுக்காது. அவர்களுக்குத்தான் "வந்தால் உடனே போயாக வேண்டும்" என்ற அவசரம்.

சரி, நூறில் எத்தனை பேர்? பிரிட்டனில் 'சிப்' என்ற பெயரில் 3,216 ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். 37 நாளில் 74 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) வைத்தவர்களையும், 20 நாளில் 60 கிரே வைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வருடத்துக்குள் எப்போதாவது மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட குடல் தொல்லை வந்தவர்கள் 37 நாள் முறையில் நூற்றுக்குச் சுமார் 14 பேர், 20 நாள் முறையில் 12 பேர். உங்கள் தெருக்காரர் அந்தப் 12 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 88 பேரைப் பற்றித் தெருவில் யாரும் பேச மாட்டார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பிளானுக்கு வருகிறேன். பிளான் போட்டு முடித்ததும் கம்ப்யூட்டர் ஒரு வரைபடம் தரும். டி.வி.ஹெச். என்போம். கீழே இடமிருந்து வலமாகக் கதிர்வீச்சின் அளவு, கிரே கணக்கில். மேல்நோக்கி ஏறுவது, அந்த உறுப்பில் எத்தனை சதவீதத்தின் மேல் அந்த அளவு படுகிறது என்பது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நிறம். எங்கள் துறையில் மலக்குடலுக்குப் பழுப்பு, சிறுநீர்ப்பைக்கு மஞ்சள், புராஸ்டேட்டுக்குச் சிவப்பு. சிவப்புக் கோடு உச்சியிலேயே நேராக ஓடி, கடைசியில் சுவர் மாதிரி செங்குத்தாக விழ வேண்டும். பழுப்புக் கோடு ஆரம்பத்திலேயே சரிந்து, நனைந்த துணி கொடியில் தொய்வது போல உள்வாங்கி இறங்க வேண்டும். சில பிளான்களில் அது தொய்யாமல் நடுவில் மேடாக நிற்கும். எங்கள் பிஸிசிஸ்ட், "மேடம், பழுப்பு தோளைத் தூக்குது" என்பார். திருப்பி அனுப்பிவிடுவேன். ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து மறுபடி போட்டுக் கொடுப்பார். மூன்று தடவை போட்ட பிளான்கள் உண்டு. அந்தத் தோள் இறங்கினால் நோயாளிக்கு வரப்போகும் கஷ்டம் இறங்குகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு எல்லைகள் இருக்கின்றன. 2010-இல் 'குவான்டெக்' என்ற பெயரில், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்டார்கள். தினம் 2 கிரே வீதம் வைக்கும் முறையில் 50 கிரே மலக்குடலின் பாதிக்கு மேல் படக்கூடாது. 70 கிரே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. 75 கிரே 15 சதவீதத்துக்கு மேல் கூடாது. இந்த எல்லைக்குள் நின்றால் மிதமான, கடுமையான தொல்லைகள் நூற்றுக்கு 15-க்குக் கீழே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் அப்பாவுக்கு 20 நாள் முறை. தினம் 3 கிரே என்பதால் இந்த எண்கள் எல்லாமே இன்னும் கீழே இறங்கும். எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். "டாக்டர், மலக்குடல் எல்லைக்குள்ள இருக்கா? எதுல இடிக்குது?" என்று கேளுங்கள். போதும். நல்ல டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டுவார்.

வரைபடம் மட்டும் போதாது. சர்க்கரை நோய், ரத்தம் நீர்க்கும் மாத்திரை, முன்பே மூலம் இருப்பது, வயிற்றில் பழைய ஆபரேஷன், குடல் அழற்சி நோய், புகைப்பழக்கம் இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. குடல் அழற்சி இருந்தால் கண்டிப்பாக முன்பே சொல்லிவிட வேண்டும். இடுப்பு நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்படியானால் மேலே இருக்கும் சிறுகுடலும் கொஞ்சம் கதிர் வாங்கும். அப்புறம், சிகிச்சையின்போதே யாருக்குக் கடுமையாக வயிறு கெடுகிறதோ, அவருக்குப் பின்னாலும் வரும் வாய்ப்பு கூடுதல். அப்பா 'தாங்கிக்கிறேன்' என்று மறைக்காமல் வாராவாரம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மறைப்பது என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். 2000-களின் ஆரம்பம். எங்களிடம் அப்போது கோபால்ட் மெஷின்தான். நான்கு பக்கமும் பெட்டி மாதிரி கதிர் வைப்போம், மலக்குடலைப் பெரிதாக ஒதுக்கிவிட முடியாது. அவர் மதுரை ராமேஸ்வரம் ரூட்டில் பஸ் டிரைவர். சிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். "ரத்தம் வருதா?" "இல்லைங்கம்மா." "வலி?" "இல்லைங்கம்மா." கேஸ் ஷீட்டில் தொல்லை எதுவும் இல்லை என்று எழுதினேன். இரண்டு வருடம் அப்படியே எழுதினேன். ஒருநாள் அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது அவர் மனைவி வராந்தாவில் என்னை நிறுத்தி, "அம்மா, அவரு வண்டி ஓட்டுறத விட்டுட்டாரு, டிப்போவுல லைட் டூட்டி கேட்டு வாங்கிட்டாரு" என்றார்.

கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். வெளிக்கு வந்தால் ஐந்து நிமிஷம் தாங்காது. மானாமதுரை ஸ்டாண்டில் கக்கூஸ் எந்த மூலையில், பரமக்குடியில் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், ராமநாதபுரத்துக்கு முன்னால் எந்தப் பெட்ரோல் பங்கில் உள்ளே விடுவார்கள் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு முறை சீட்டிலேயே ஆகிவிட்டது. கண்டக்டர் பையன் பார்த்துவிட்டான். ஒரு பொம்பளை டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் கேள்வித்தாளில் ரத்தம் இருந்தது, வலி இருந்தது, பஸ் இல்லை.

அன்றிலிருந்து புராஸ்டேட் நோயாளிகள் எல்லோரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸில் நிம்மதியாக எத்தனை மணி நேரம் உட்கார முடிகிறது?" இதற்கு யாரும் வெட்கப்பட்டதில்லை. பதிலும் சரியாக வரும். உங்கள் அப்பாவிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை வெளிக்குப் போகிறார், கல்லாவை விட்டு எழாமல் எவ்வளவு நேரம் உட்கார்கிறார் என்று ஒரு நோட்டில் தேதியோடு இருக்கட்டும். சிகிச்சைக்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் வந்த மாற்றத்தை அளக்க முடியும்.

இன்றைய மெஷின்கள் வேறு. புராஸ்டேட்டின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை வளைத்து, தினமும் படம் எடுத்துப் பார்த்து வைக்கிறார்கள். அந்த டிரைவருக்கு இது கிடைத்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். உங்கள் அப்பாவுக்குக் கிடைக்கிறது. பயத்தினால் அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு 72 வயது. புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு முடிந்து 14 மாதம் ஆகிறது. ஒரு மாதமாக வாரம் இரண்டு முறை மோஷனோடு பளிச்சென்று ரத்தம் வருகிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மாத்திரை சாப்பிடுகிறார். பக்கத்து கிளினிக்கில் மூலம் என்று சொல்லி ரப்பர் பேண்ட் போடலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.
*பெயர் வேண்டாம், திருநெல்வேலி*

இரண்டையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். இது அவசரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் தபாலிலும் தனியாக எழுதியிருக்கிறேன்.

கதிர் பட்ட மலக்குடல் சுவரில் காயம் பண்ணினால் லேசில் ஆறாது. முன்சுவரில் சதை எடுத்தால் அங்கே புண் ஆகி, சில சமயம் சிறுநீர்ப் பாதைக்கும் குடலுக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். அப்படி ஓட்டை விழுந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தக் கசிவோடு வந்தவர், மலம் போக வயிற்றில் பை வைத்துக்கொண்டு போனார். ரப்பர் பேண்ட், ஊசி, பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும் மூல வைத்தியம் எதுவுமே கதிர்வீச்சு வாங்கிய இடத்தில் வேண்டாம்.

அதற்காகப் பார்க்காமலும் விடக்கூடாது. 72 வயதில் ரத்தம் என்றால் எல்லாவற்றையும் கதிர்வீச்சின் தலையில் போட்டுவிட முடியாது. குடலில் வேறு கட்டி இருக்கிறதா என்று கோலனோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். குடல்நோய் நிபுணரிடம் போனதும் முதல் வார்த்தையாக "புராஸ்டேட்டுக்குக் கரண்ட் வைத்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள். அவர் பார்த்ததுமே தெரிந்துகொள்வார். முன்சுவரில் சிவப்பாகச் சிலந்தி வலை மாதிரி குழாய்கள் தெரியும்.

வாரம் இரண்டு முறை கொஞ்சமாக வருவது பெரும்பாலும் தானாகவே நாளடைவில் குறையும். மலம் இளகலாகப் போக இசப்கோல், தண்ணீர், முக்காமல் இருப்பது, இவ்வளவே பலருக்குப் போதும். குறையாவிட்டால் சுக்ரால்ஃபேட் மருந்தை எனிமாவாக ஆசனவாய் வழியே கொடுப்போம். அல்சருக்குச் சாப்பிடும் அதே மருந்துதான். இதற்கான முக்கியமான ஆய்வு நம் நாட்டிலேயே, சண்டிகர் பி.ஜி.ஐ.யில் நடந்து 1991-இல் வெளிவந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர் வாங்கிய பெண்கள் நம் நாட்டில் எவ்வளவு பேர், அவர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்த அறிவு அது. அதற்கும் கேட்காமல் ரத்த அளவு குறையும்படி கசிந்தால், ஆர்கான் வாயு வழியாக மின்சாரம் செலுத்தி அந்தக் குழாய்களைக் கருக்கும் முறை இருக்கிறது. பழகிய கை செய்ய வேண்டும்.

ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். கசிவைக் கூட்டுவது அந்த மாத்திரையாகவும் இருக்கலாம், ஆனால் நிறுத்தினால் இதயத்தில் அடைப்பு வரும் ஆபத்து இருக்கிறது. ரத்தம் நீர்க்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ஒன்றைக் குறைக்க முடியுமா என்று இதய டாக்டரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தலைசுற்றல், கட்டி கட்டியாக ரத்தம் என்றால் அன்றைக்கே அட்மிட் ஆகவேண்டும்.

கேள்வி: கதிர்வீச்சு யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று மரபணுச் சோதனையில் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். என் தந்தைக்கு எடுக்கலாமா?
*மென்பொருள் பொறியாளர், கோவை*

ஒரே பிளான், ஒரே அளவு, ஒரே வயது. ஒருவருக்கு ஒன்றும் ஆகாது, இன்னொருவருக்கு ரத்தம் வரும். அந்த வித்தியாசத்தில் உடல்வாகுக்கும் பங்கு இருக்கிறது என்று எங்களுக்கு எப்போதுமே தோன்றும். அதைத் தேடத்தான் 2009-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். ஏ.டி.எம். என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் போலச் சில தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ரத்தத்தில் உள்ள லிம்போசைட் அணுக்களைக் கதிரில் காட்டி, எத்தனை மடிகின்றன என்று எண்ணும் சோதனையும் வந்தது. ஐரோப்பாவில் ரெக்வைட் என்ற பெரிய ஆய்வில் மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் நோயாளிகள் ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு மாற்றமும் வாய்ப்பைக் கொஞ்சம்தான் நகர்த்துகிறது. "உங்களுக்கு வரும், வைக்க வேண்டாம்" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பும் பலம் எந்தச் சோதனைக்கும் இன்னும் வரவில்லை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் மறக்க வேண்டாம். பணத்தைச் செலவழிக்காதீர்கள். அந்த நேரத்தில் டாக்டரோடு உட்கார்ந்து பிளானைப் பாருங்கள்.

கேள்வி: குடலைக் காப்பாற்ற ஜெல் வைக்கிறார்களாமே? புரோட்டான் சிகிச்சை இதைவிட மேலா?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், சேலம்*

ஜெல் நல்ல யோசனைதான். புராஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஊசி வழியாகச் செலுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். சில மாதங்களில் கரைந்துவிடும். அமெரிக்காவில் 222 பேரிடம் சோதித்து 2015-இல் அனுமதி கொடுத்தார்கள். மலக்குடலில் படும் அளவு நன்றாகவே குறைகிறது. விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. பிளான் எல்லைக்குள் சுலபமாக வந்துவிடுகிறவருக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் லாபம் சிறியது. எல்லையில் இடிக்கிறவர், ரத்தம் நீர்க்கும் மாத்திரையை நிறுத்தவே முடியாதவர் கேட்டுப் பார்க்கலாம். நோய் புராஸ்டேட்டைத் தாண்டிப் பின்பக்கம் பரவியிருந்தால் ஜெல் சரிப்படாது.

புரோட்டான் சென்னையில் 2019-இலிருந்து இருக்கிறது. புராஸ்டேட்டைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் புரோட்டானையும் வழக்கமான எக்ஸ்ரே கதிர்வீச்சையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. குடல் தொல்லையில் புரோட்டானுக்கும் இன்றைய நல்ல எக்ஸ்ரே முறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டை அடமானம் வைத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை ஐயா.

கேள்வி: எனக்கு இப்போது எட்டாவது நாள் நடக்கிறது. தினமும் தண்ணீர் குடிக்க வைத்து அரை மணி நேரம் காக்க வைக்கிறார்கள். நேற்று மேஜையில் படுக்கவைத்துப் படம் எடுத்துவிட்டு, "வயிற்றில் கேஸ் இருக்கு, எழுந்து நடந்துட்டு, வெளிக்குப் போயிட்டு வாங்க" என்று இறக்கிவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் அவமானமாக இருந்தது. மெஷின் சரியில்லையோ?
*65 வயது, விழுப்புரம்*

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. உங்களை இறக்கிவிட்ட அந்த டெக்னீஷியன் தன் வேலையை மிகச் சரியாகச் செய்திருக்கிறார். வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது ஒருவரை இறக்கி, மறுபடி ஏற்றிப் படம் எடுப்பது அவருக்குக் கூடுதல் வேலை. உங்களுக்காகத்தான் செய்தார்.

மலக்குடலில் காற்றோ மலமோ இருந்தால் அது உப்பிக்கொண்டு புராஸ்டேட்டை முன்னால் தள்ளும். தானும் கதிரின் பாதைக்குள் நுழையும். பிளான் போட்ட அன்று இருந்த இடம் வேறு, இன்றைக்கு இருக்கும் இடம் வேறு ஆகிவிடும். 2005-இல் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பிளானுக்கான ஸ்கேன் எடுத்த அன்று மலக்குடல் உப்பியிருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது, ஏனென்றால் கதிர் குறி தவறியிருக்கிறது. இப்போது தினமும் படம் எடுப்பதால் அது பெருமளவு தவிர்க்கப்படுகிறது. தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பினால் சிறுகுடலும் மேலே ஏறி ஒதுங்கிக்கொள்ளும்.

மீதி நாட்களுக்கு, தினமும் ஒரே நேரத்தில் வெளிக்குப் போகப் பழகுங்கள். மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், சோடா வேண்டாம். மதியத்துக்கு மோர் சாதம், இரவுக்கு இட்லி, பீர்க்கங்காய், சுரைக்காய் என்று இருங்கள். வாயைத் திறந்து மளமளவென்று தண்ணீர் குடித்தால் காற்றும் உள்ளே போகும், நிதானமாகக் குடியுங்கள். மலச்சிக்கல் இருந்தால் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்குங்கள், நாட்டு மருந்துக் கடையில் பேதிக்கு வாங்கிக் குடிக்க வேண்டாம். நாடா வைத்த பைஜாமாவைவிட வேட்டி நல்லது, மேஜையில் ஏறி இறங்கச் சுலபம். நாளைக்குப் போகும்போது அந்த டெக்னீஷியனிடம், "இன்னைக்கு எப்படி இருக்கு தம்பி?" என்று கேளுங்கள். படத்தைப் பார்த்துச் சொல்வார்.